'துணி காயும் நாள்' குழுவுக்கு விடைகொடுக்கச் சொன்னார்கள்

என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே கைமணியை மடியில் வைத்துக்கொண்டு தலைமைப் பொறுப்பில் வீற்றிருக்கும் மன்றத் தலைவி, மதிப்பிற்குரிய மிஸஸ் நுவாலா ரூவேன் அவர்களே! இந்தக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது என்று ஒன்பது ஆண்டுகள் ஆண்டவரிடமும், ஐந்து ஆண்டுகள் ஆயரிடமும் முறையிட்டு, இரு இடத்திலிருந்தும் மறுமொழி வராமல், கடைசியில் ஏணியோடு என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த அருட்தந்தை லாவெல் அவர்களே! ஹாம் சான்ட்விச்சா, முட்டை சான்ட்விச்சா என்று காலையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மாலைக்குள் இரண்டையும் மலைபோல் குவித்துவிட்ட தாய்மார்களே! நமது மேயோ மாவட்டக் கால்பந்து அணி இந்த ஆண்டும் தோற்றுவிட்ட துக்கத்தில், எதைக் கேட்டாலும் தாங்கும் நெஞ்சோடு வந்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி காலியாக இருக்கும்போதே கதவோரம்தான் நிற்பேன் என்று பரம்பரை பரம்பரையாக நிற்கும் ஜார்லத் அண்ணனே! கில்பிரென்னன் பேரூரின் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் எண்டா லாஃப்டஸ் எழுந்து நின்று, தலை குனிந்து வணக்கம் சொல்கிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். பால் கறக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவன். இந்த வட்டாரத்தின் பசுக்கள் எல்லாம் என்னை அறியும். பசுவின் சொந்தக்காரர்கள் பழுது வந்தால் மட்டும் அறிவார்கள். எனக்குத் தெரிந்த தமாஷ் எல்லாம் அழுத்தமானி, ரப்பர்க் குழாய், திருகாணி பற்றியது. ஆனாலும் அழைத்திருக்கிறார்கள். ஏன் அழைத்திருக்கிறார்கள்?

என் வலப்பக்கம் அமர்ந்திருப்பவர் மலாக்கி டஃபி. பாடகர், கித்தார்க் கலைஞர், எங்கள் குழுவின் சோகத்துக்கு முழு உரிமையாளர். இடப்பக்கம் அமர்ந்திருப்பவர் ஃபின்டன் கான். பேஸ் கித்தார். ஆண்டுக்கு ஒன்பது சொல் பேசுவார். இந்த ஆண்டுக்கானது ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது. இந்த இருவரும், மறைந்த என் மனைவி டெர்வ்லாவும் சேர்ந்ததுதான் 'துணி காயும் நாள்' என்ற ராக் இசைக்குழு. டெர்வ்லாவுக்குப் பிறகு இனி வாசிப்பதில்லை, இன்றோடு குழுவைக் கலைக்கிறோம் என்று இவர்கள் இருவரும் பத்திரிகையில் அறிவித்துவிட்டார்கள். 'எண்டா, நீதான் விடைகொடுத்துப் பேச வேண்டும்' என்று மன்றம் எனக்குக் கட்டளை இட்டிருக்கிறது. ஒரு குழு இருக்குமா, இறக்குமா என்பதன் கடைசிப் பத்து நிமிடத்தை, பெருமக்களே, ஒரு பால் இயந்திர மெக்கானிக்கின் கையில் கொடுத்திருக்கிறீர்கள்!

கொடுத்தவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எண்பத்தேழாம் ஆண்டு. இந்த ஊரில் அப்போது என்ன இருந்தது? கால்நடைச் சந்தை இருந்தது. கோயில் இருந்தது. கோயிலைவிட அதிகமாய் மதுக்கடை இருந்தது. இளைஞர்கள் இருந்தார்களா? இருந்தார்கள், பேருந்து நிறுத்தத்தில் இருந்தார்கள்! பாஸ்டன் போகிறவன் பாதி, லண்டன் போகிறவன் மீதி. அந்த நேரத்தில்தான் நம் மலாக்கி, தபால்காரர் டஃபியின் திருமகன், தன் சைக்கிளை விற்று ஒரு மின்கித்தார் வாங்கினார். சைக்கிள் இல்லாததால் ஊரைவிட்டுப் போக முடியவில்லை. ஊரைவிட்டுப் போக முடியாததால் சோகம் வந்தது. சோகம் வந்ததால் பாட்டு வந்தது. கலை பிறக்கும் வழியைக் கண்டீர்களா!

பாடினார். எப்படிப் பாடினார்? கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினார். அவருடைய அம்மா கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன்: "ஏன்டா ராசா, உனக்கு எங்கேயாவது வலிக்குதா?"

"அம்மா, இது கலைம்மா."

"அது சரி. வலிச்சா சொல்லு, டாக்டர் வியாழக்கிழமை வர்றாரு."

ஃபின்டன் எப்படிச் சேர்ந்தார்? சேரவே இல்லை. ஒருநாள் வந்து மூலையில் உட்கார்ந்தார்; போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவுதான் வரலாறு. கித்தார் உண்டு, பேஸ் உண்டு, தாளம் இல்லை. தாளம் இல்லாத பாட்டு கம்பி இல்லாத வேலி. இப்பக்கமும் மாடு, அப்பக்கமும் மாடு. தாளம் போட யார் இருக்கிறார்கள்? புனித பாட்ரிக் திருநாள் ஊர்வலத்தில் முன்னால் நின்று முரசடிக்கும் பெண், மன்னலி வீட்டு டெர்வ்லா. அவள் அடித்தால் குதிரை நிமிரும். கூட நடக்கும் பாதிரியார்களும் நிமிர்வார்கள். மன்னியுங்கள், பாதர்.

இரண்டு பேரும் தலைவாரி, சப்பாத்துத் துடைத்து, டெர்வ்லா வீட்டுக்குப் போனார்கள். மலாக்கி கேட்டார்: "டெர்வ்லா, எங்க குழுவுல டிரம் வாசிக்க வர்றியா?"

"அய்யோ, நானா? வேண்டாம்ப்பா. எனக்கு எங்க நேரம்?"

"ஓ. சரி. தேங்க்ஸ்."

வந்துவிட்டார்கள்.

வந்தே விட்டார்கள், பெருமக்களே! சிரிக்கிறீர்கள். சிரிக்க மாட்டீர்களா? நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போகிறோம். டீ குடிக்கிறீங்களா என்கிறார்கள். வேண்டாங்க என்கிறோம். அது பதிலா? அது வணக்கம்! இரண்டாம் முறை கேட்கிறார்கள். இல்லைங்க, இப்பதான் குடிச்சேன் என்கிறோம். அது பதிலா? அது அடக்கம்! மூன்றாம் முறை கேட்கிறார்கள். உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா ஒரு சொட்டு என்கிறோம். அதுதானே பதில்! மூன்று குவளையும், அரை கேக்கும் முடிந்துதானே எழுந்திருக்கிறோம்! முதல் கேள்விக்கே 'சரி' என்றவன் ஒருவன் இந்த ஊரில் உண்டா? உண்டா, ஜார்லத் அண்ணே? "ஒருத்தன் இருந்தான், அவனை டப்ளினுக்கு அனுப்பிட்டோம்" என்கிறார். நல்லது செய்தீர்கள்.

ஆனால் மலாக்கி நவீன இளைஞர். 'சொல்வதை நினை, நினைப்பதைச் சொல்' என்று ஏதோ வார இதழில் படித்திருந்தார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். டெர்வ்லா உள்ளே போய்ப் புதுச் சட்டையை மாற்றிக்கொண்டு, இரண்டாவது கேள்விக்குத் தயாராகத் திரும்பி வந்தால், வாசலில் யாரும் இல்லை. அவளுடைய அம்மா, இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார், அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்வார்:

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க, மம்மி."

"ஒரு தடவை கேட்டுட்டா? யாருடி அவங்களை வளர்த்தது!"

இரண்டு மாதம்! இரண்டு மாதம் அந்த வீரர்கள் பிஸ்கட் டப்பாவில் தாளம் போட்டார்கள். இரண்டு மாதம் அவள் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் தலை நிமிர்ந்தாள். சைக்கிள்தான் விற்றாகிவிட்டதே, எப்படி வரும்? கடைசியில் இரண்டு அம்மாக்கள் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, வானிலை பற்றிப் பேசுவதுபோலப் பேசி முடித்து வைத்தார்கள். மறுநாள் மலாக்கி போனார். கேட்டார், வேண்டாம் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கேட்டார்; வேண்டாம் என்றாள். மூன்றாம் முறை கேட்டார்.

"உங்களுக்கு வேற யாரும் கிடைக்கலேன்னா... வர்றேன்."

இப்படித்தான், பெருமக்களே, இசைக்குழு பிறந்தது. வாளால் பிறந்த நாடுகள் உண்டு. வாக்கால் பிறந்த நாடுகள் உண்டு. வேண்டாம் வேண்டாம் என்று பிறந்த குழு உலகத்தில் இது ஒன்றுதான்!

பெயர் வைக்க மூன்று வாரம் சண்டை. மலாக்கிக்கு இரவு, இரும்பு, இருள் என்று ஏதாவது வேண்டும். டெர்வ்லா சொன்னாள்: "இந்த மாவட்டத்துல எவனும் எவனோடயும் சண்டை போடாம ஒத்துக்கிற வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான். இன்னைக்கு நல்லா துணி காயுற நாளு. அதையே வைங்க." வைத்தார்கள். பிறகு வானொலியில் முதல் முறை பெயரைச் சொன்னபோது பெல்மல்லெட்டில் ஒரு அம்மாள் வாளி நிறையத் துணியைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாராம். மழை கொட்டியதாம். நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். எங்களுக்கு வந்த முதல் ரசிகர் கடிதம் அதுதான்.

இனி என் பங்கு. பயிற்சி எங்கே? ஃபின்டனின் அப்பாவுடைய மாட்டுத் தொழுவத்தில். ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று என்னை அழைத்தார்கள். போனேன். யாரும் வாசிக்காதபோதும் பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக், டிக். நான் படித்தவன் ஆயிற்றே! ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். வெளியே மாடு தாண்டாமல் இருக்க மின்வேலி. நொடிக்கு ஒரு முறை அது துடிக்கும். அந்தத் துடிப்பு கம்பி வழியே ஏறி ஒலிபெருக்கியில் பேசுகிறது. தரைக்கம்பி ஒன்றை மாற்றினால் போதும். குறடு எடுத்துவிட்டேன். டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"அதுல கை வெச்சீங்க, அப்புறம் நீங்கதான் இங்க உக்காந்து டிக் டிக்னு சொல்லணும்."

"இது பழுதுங்க."

"பழுதா? இந்தக் கூட்டத்துலயே நேரம் தவறாம வேலை பாக்குறது அது ஒண்ணுதான்!"

வேலியின் துடிப்பை வைத்துத்தான் அவள் தாளம் பழகிக்கொண்டிருந்தாள். எடுத்த குறடு மறுபடி பைக்குள் போனது. அடுத்த வாரமும் போனேன், பழுதாகாத ஒன்றைப் பார்க்க. அதற்கடுத்த வாரமும். ஃபின்டனின் அப்பா என்னிடம் கேட்டார்: "ஏன்டா எண்டா, என் மாட்டுக்கு உடம்பு ஒண்ணும் இல்லியே?" இல்லை என்றேன். "உனக்கு?" என்றார்.

முதல் நிகழ்ச்சி இதே கூடத்தில், இதே மேடையில், ஒரு ஞாயிறு மதியம். அன்றும் மேயோ தோற்றிருந்தது. வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர், ஒரு நாய். கூடத்தில் மின்வேலி இல்லை என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை! டிக் இல்லை; தாளத்துக்குக் கடிவாளம் இல்லை. தாலாட்டு வேகத்தில் தொடங்கிய பாட்டு வேட்டைநாய் வேகத்தில் முடிந்தது. ஆறு நிமிடப் பாட்டு நான்கு நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்தது. மலாக்கி சொற்களைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஃபின்டன் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். பின்வரிசையில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் நான். எந்தத் திருகைத் திருப்பினாலும் சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. கூரையிலிருந்து பூச்சு உதிர்ந்து ஜார்லத் அண்ணன் தொப்பியில் விழுந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் நம் தலைவி அவர்கள் மேடைக்கு வந்து மலாக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. ஒரு வார்த்தைகூடப் புரியல. கடவுள் புண்ணியம்." இல்லையென்று சொல்வீர்களா, மிஸஸ் ரூவேன்? மணியைக் கையில் எடுக்கிறார். மேலே போகிறேன்.

ஆனால் அந்த நாற்பத்துமூன்று பேரில் ஏழு பேர் இளைஞர்கள். ஏழு பேரும் மறுநாள் தொழுவ வாசலில் நின்றார்கள். "அடுத்தது எப்போ?" என்றார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் வேறோர் இடத்தில் நின்றதை இந்த ஊர் அன்றுதான் பார்த்தது. ஊர் ஊராகப் போனோம். பழைய ரொட்டி வண்டி ஒன்றில் போனோம். கால்வேயில் இறங்கும்போதும் எங்கள் மேல் ரொட்டி வாசனை. பதிவுநாடா ஒன்று செய்தோம். அந்த நாடா கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டியது.

லண்டனிலிருந்து ஒரு மனிதர் வந்தார். விட்கோம் என்று பெயர். இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் ஆள். நல்ல மனிதர், நனையாத குடை வைத்திருந்தார். ஓட்டலில் உட்கார்ந்தோம். பெட்டியைத் திறந்தார், ஒப்பந்தத்தை எடுத்தார், மேசைமேல் வைத்தார். பேனாவையும் வைத்தார். "உங்க இசைத்தட்டை நாங்க வெளியிட ஆசைப்படுறோம்" என்றார்.

என்ன சொன்னார்கள் நம்மவர்கள்?

மலாக்கி: "அய்யோ, வேண்டாம் சார். நாங்க என்ன பெரிய ஆளுங்களா?"

டெர்வ்லா: "கால்வேயில எங்களைவிட நல்லா வாசிக்கிறவங்க இருப்பாங்களே, பாத்தீங்களா?"

ஃபின்டன்: "வேண்டாம்." அந்த ஆண்டின் முதல் சொல்!

விட்கோம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "உங்க நேர்மையைப் பாராட்டுறேன். இப்படி வெளிப்படையா சொல்றவங்க குறைவு" என்றார். ஒப்பந்தத்தை மடித்தார். பேனாவை மூடினார். கை குலுக்கினார். போய்விட்டார்.

மூவரும் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்! முதல் சுற்று நல்லபடி முடிந்தது என்ற நிறைவோடு உட்கார்ந்திருந்தார்கள்! மலாக்கி இன்னொரு டீ சொன்னார். அரைமணி ஆயிற்று. நான் கேட்டேன்: "அவர் எங்கடா போனாரு?"

"கழிப்பறைக்குப் போயிருப்பாரு. வந்து மறுபடி கேப்பாரு."

"குடையையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டா போனாரு?"

டெர்வ்லா மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவரு இங்கிலீஷ்காரரு" என்றாள். "அவருக்குத் தெரியாது. அவரு கேக்கவே மாட்டாரு!"

ரொட்டி வண்டி அன்று பறந்ததுபோல் என்றும் பறந்ததில்லை. வழியில் ஒரு ஆட்டு மந்தை. ஆடுகளுக்கு அவசரம் தெரியுமா? கிளேர்மோரிஸ் ரயில் நிலையத்துக்குள் நாங்கள் நுழையும்போது ரயில் நிற்கிறது. கார்டு விசிலை வாயில் வைத்துவிட்டார். டெர்வ்லா நடைமேடை நெடுக ஓடுகிறாள், ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டுகிறாள். கண்டுபிடித்துவிட்டாள்!

"ஏன் சார், ரெண்டாவது தடவை கேக்க மாட்டீங்களா நீங்க?"

"ஆனா... நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே!"

"சொன்னோம் சார். அது மரியாதை சார்!"

அந்த மனிதர் இறங்கினார். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நல்ல மனிதர் என்றேனே. நடைமேடையில் நின்று, தொண்டையைச் செருமி, மறுபடி கேட்டார். டெர்வ்லா என்ன சொன்னாள்? வேண்டாம் என்றாள்! பழக்கம்! வாய் தானாகச் சொல்லிவிட்டது! விட்கோம் மறுபடி ரயில் பெட்டியில் கால் வைத்துவிட்டார். அப்போது கார்டு, ஃபாக்ஸ்ஃபோர்டுக்காரர், நம்ம பக்கத்து ஆள், விசிலை வாயிலிருந்து எடுத்துச் சொன்னார்: "யோவ், இன்னும் ஒரே ஒரு தடவை கேளுய்யா. நான் வண்டியை நிறுத்தி வெச்சிருக்கேன்."

மூன்றாம் முறை கேட்டார். கார்டின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இசைத்தட்டு வந்தது. வானொலியில் வந்தது. லீட்ஸில் வாசித்தோம், கிளாஸ்கோவில் வாசித்தோம். வேலிக்குப் பதிலாக டிக் டிக் என்று துடிக்கும் ஒரு சின்னப் பெட்டியை நான் செய்து கொடுத்திருந்தேன். ஒருநாள் ஹாம்பர்கில் அரங்குக்கு வெளியே எங்கள் பெயர் மின்விளக்கில். நான்கு பேரும் மழையில் நின்று பார்த்தோம். "நல்லா துணி காயும் போல இருக்கே" என்றாள் டெர்வ்லா. அந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பிய வாரம் எங்களுக்குத் திருமணம். அதற்கும் நான் மூன்று முறை கேட்டேன். நான் படித்தவன்; எதையும் மூன்று முறை அளந்து பார்ப்பவன்.

இந்த ஆண்டு பிப்ரவரி பதினொன்று. செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பது. மூளையில் ஒரு ரத்தக்குழாய். அவளுக்கு இருபத்தேழு வயது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அன்றைக்கே அழகாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி.

மார்ச்சில் இந்த இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மலாக்கியின் அம்மா கொடுத்தனுப்பிய கேக் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மேசையில் வைத்தார்கள். நெடுநேரம் கேக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மலாக்கி சொன்னார்:

"எண்டா... வேற யாரையாவது வெச்சு நாங்க... தொடர்ந்து வாசிச்சா... உனக்கு எப்படி இருக்கும்?"

நான் சொன்னேன்: "வேண்டாம்டா."

"சரிடா" என்றார்கள். போய்விட்டார்கள். வண்டிச் சத்தம் வளைவு தாண்டும் வரை கேட்டது. அடுத்த வாரம் பத்திரிகையில் செய்தி.

பெருமக்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த 'வேண்டாம்' எந்த வேண்டாம்?

எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாகத் தெரியவில்லை. என்னிடம் அளக்கிற கருவிகள் நிறைய இருக்கின்றன; அதை அளக்க ஒன்றும் இல்லை. அவர்கள் என் துக்கத்தை மதித்தார்கள். இரண்டாம் முறை கேட்டால் என்னைப் புண்படுத்தும் என்று நினைத்தார்கள். நான் என்ன நினைத்தேன்? அவர்களுக்கே விருப்பம் இல்லை, கடமைக்குக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் மதித்து, மதித்து, மதித்து, ஒரு நல்ல குழுவைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம்!

போன செவ்வாய் மல்ரூனி வீட்டுக்கு வேலைக்குப் போனேன். கறவை இயந்திரத்தில் காற்றுக் கசிவு. இயந்திரத்தை நிறுத்திக் காது கொடுத்தால், பின்கொட்டகையில் யாரோ தாளம் போடுகிறார்கள். எங்கள் பாட்டு. இரண்டாம் இசைத்தட்டில் நான்காவது பாட்டு. அந்த வீட்டுப் பெண் ஃபிடெல்மா பால்கேன் மூடிகளைக் கவிழ்த்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"மலாக்கி உன்னைக் கேட்டானா?" என்றேன்.

"கேட்டாங்க அண்ணே. மார்ச்லயே, உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. நான் வேண்டாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல."

"அவன் மறுபடி கேக்கலியா?"

"இல்லண்ணே."

மலாக்கி! ஐந்து வருடம் ஆகிறது. இங்கிலீஷ்காரன் கற்றுக்கொண்டான், நீ இன்னும் கற்றுக்கொள்ளவில்லையேடா! என்ன? "கேட்டா தப்பா நினைப்பாளோன்னு நினைச்சேன்" என்கிறார். கேளுங்கள், ஊரே கேளுங்கள்!

சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரித்துக்கொண்டே கேளுங்கள். இந்த ஊரில் பூட்டிய வீடுகள் எத்தனை? கப்பல் ஏறியவர்கள் எத்தனை? பேருந்து நிறுத்தத்தில் தந்தை கேட்டார்: "இங்கேயே இருந்துடேன்டா?" மகன் சொன்னான்: "வேண்டாம்ப்பா." தந்தை 'சரி' என்றார். பேருந்து வந்தது. அந்த வேண்டாம் எந்த வேண்டாம்? "வந்து எங்ககூட இருங்கம்மா" என்று மகள் பாஸ்டனிலிருந்து எழுதினாள். "வேண்டாம்மா, எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல" என்று அம்மா எழுதினார். அந்த வேண்டாம் எந்த வேண்டாம்? பஞ்சம் கொண்டுபோனது பாதி என்றால், பண்பாடு கொண்டுபோனது மீதி இல்லையா? வறுமையால் ஒரு முறை வெறிச்சோடிய ஊரை, வாய்திறக்காத மரியாதையால் வருடந்தோறும் வெறிச்சோட வைக்கிறோமே, இது தகுமா? இது நியாயமா? டீக்கு மூன்று முறை கேட்கிற நாம், உயிருக்கு ஒரு முறைதானா கேட்பது?

ஆகவே, தலைவி அவர்களே, மன்றம் எனக்கு இட்ட கட்டளையை நான் மீறுகிறேன். விடைகொடுக்கச் சொன்னீர்கள், கொடுக்கமாட்டேன். மலாக்கி என்னை இரண்டாம் முறை கேட்கட்டும் என்று காத்திருக்கவும் மாட்டேன். யாரும் கேட்காமலே, ஊர் முழுக்கச் சாட்சியாக, மார்ச் மாதம் சொன்ன 'வேண்டாம்' என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாசியுங்கள்! அவள் போட்ட தாளம் ஓர் ஆளோடு நிற்கிற தாளமா? வாசியுங்கள்! அவளுக்காக நிறுத்துகிறோம் என்று சொல்லாதீர்கள். ஒரு பாட்டைக்கூட நடுவில் நிறுத்த அவள் விட்டதில்லை, நின்றால் குச்சி பறந்து வரும், மலாக்கியின் பின்தலையைக் கேளுங்கள்! வாசியுங்கள்!

கை தட்டுவதை நிறுத்துங்கள். நன்றி. நிறுத்துங்கள், அந்தப் பெண் ஓடிவிடப் போகிறாள். ஃபிடெல்மா! தூணுக்குப் பின்னால் நிற்கிறாய், தெரிகிறது. வாசிக்கிறியாம்மா? தலையை ஆட்டுகிறாள், மாட்டேன் என்று. நல்ல பிள்ளை, நன்றாக வளர்த்திருக்கிறார்கள். மிஸ்டர் மல்ரூனி, வாழ்த்துகள். இரண்டாம் முறை நான் கேட்கக் கூடாது. கேட்க வேண்டியவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். மலாக்கி, கேள். கண்ணைத் திறந்துகொண்டு கேள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேள்... கேட்டுவிட்டார். மறுபடியும் தலையை ஆட்டுகிறாள். மூன்றாவது... என்ன இது? யார் எழுந்து நிற்பது? ஃபின்டன்! ஃபின்டன் எழுந்து நிற்கிறார்!

"வா, ஃபிடெல்மா" என்கிறார்.

வருகிறாள், பெருமக்களே. வழி விடுங்கள். ஜார்லத் அண்ணே, வாழ்க்கையில் ஒருமுறை கதவை விட்டு நகருங்கள்.

என் இடம் மேடை இல்லை. என் இடம் கூடத்தின் பின்னால், ஒலிக்கட்டுப்பாட்டு மேசை. அங்கே போகிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், டீ ஆறிப்போனாலும் அசையாமல் இருந்த தாய்மார்களுக்கும், மணியைக் கையில் எடுத்தும் அடிக்காமல் விட்ட தலைவி அவர்களுக்கும் என் நெஞ்சின் அடியிலிருந்து நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்.

ஃபிடெல்மா, ஒரு நிமிஷம்மா. உக்காராதே. அந்த டிரம் முக்காலி டெர்வ்லா உயரத்துல இருக்கு. எட்டு மாசமா நான் அதைத் தொடல. நீ அவளைவிட நெட்டை, முழங்கால் இடிக்கும். இருக்கையைப் பிடிச்சு இடது பக்கமா சுத்து, மேல வரும். முதல்ல கொஞ்சம் இறுகியிருக்கும். பரவாயில்ல. நல்லா பலமாவே சுத்து.